எலுமிச்சைக் கன்றில் எச்சம் போல ஒரு புழு: ஐப்பசி மழையும் பின்கட்டுப் பிள்ளைகளும்

கேள்வி (அக்டோபர் 9, காலை)

தேவகோட்டையில் இருக்கிறோம். பின்கட்டுத் தோட்டத்தில் வைத்த எலுமிச்சைக் கன்று இடுப்பு உயரம் வந்துவிட்டது. இலையெல்லாம் காக்கை எச்சம் விழுந்த மாதிரி இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் புழு. மருந்து வாங்கிவரச் சொல்கிறார் என் மாமியார். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. இரண்டு பேரும் நாள் முழுக்க அங்கேதான் கிடக்கிறார்கள். மருந்து அடிக்கலாமா? மழைக்காலம் முடிகிறவரை பிள்ளைகளைத் தோட்டத்துப் பக்கம் விடாமல் இருப்பதுதான் நல்லதா?

அக்டோபர் 9, இரவு

அடிக்க வேண்டாம். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகளும் பின்னிறக்கையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டுமாகப் பறக்குமே, அதுதான். நம் பக்கம் ஆண்டு முழுவதும் உண்டு. மழை பெய்து கொழுந்து விட்டதும் கூடுதலாக வரும், ஏனென்றால் கொழுந்து இலையில்தான் முட்டையிடும். மஞ்சள் முத்து மாதிரி ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும்.

சின்னதாக இருக்கிறவரை எச்சம் போல வேடம் போட்டுக்கொண்டிருக்கும், குருவி கொத்தாமல் இருக்க. கடைசித் தோலை உரித்தால் இலைப்பச்சை ஆகிவிடும். தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு நாற்றமும் வரும். அவ்வளவுதான் அதன் வீரம். கடிக்காது, அரிக்காது.

கன்று சின்னதாக இருந்தால் பத்துப் புழு சேர்ந்து மொட்டை அடித்துவிடும், அது உண்மை. இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றை இலையோடு கிள்ளி வளர்ந்த எலுமிச்சையிலோ நாரத்தையிலோ வில்வத்திலோ வையுங்கள். கிள்ளிய இலையைத் துணி காயப்போடும் கிளிப்பால் கிளையில் மாட்டிவிட்டால் அதுவே ஏறிப் போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கு: விடுங்கள். நான் விடுகிறேன். எங்களுக்குப் பள்ளத்தூர்ப் பக்கம். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. ஐப்பசி பிறந்தால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஒன்று, பின்கட்டு இன்னொன்று.

அக்டோபர் 10

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். எந்தப் புழுவையும் தொடலாம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் என் தவறு. இன்று மத்தியானமே அனுபவித்துவிட்டோம். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக் கிடந்தது. கொம்பு வைத்த புழுவைத் தொட்டுப் பழகிய சின்னவன் அதையும் உள்ளங்கையால் தடவிவிட்டான். கை, கழுத்து எல்லாம் தடித்து ஒரு மணி நேரம் அழுகை.

நாங்கள் செய்தது: தேய்க்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டோம். தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே போகும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தோம், சுணை அதோடு வந்துவிட்டது. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றினோம். சாயங்காலத்துக்குள் அடங்கியது. கண்ணில் பட்டிருந்தால் நேராக மருத்துவரிடம்தான் போயிருப்போம்.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இது. மொழுமொழுவென்று இருந்தால் ஒரு விரலால் தொடலாம். ரோமம் இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கலாம்.

அக்டோபர் 11

முருங்கைப் பூச்சியை என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மாமியார் நேற்று இருட்டின பிறகு கம்பில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்தி, அடிமரத்தில் அடையாக இருந்ததை எல்லாம் பொசுக்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. குழந்தை கை தடித்துக் கிடக்கும்போது என்ன சொல்லித் தடுப்பது?

ஆனால் அவர் கேட்ட கேள்வி இரவெல்லாம் எனக்குள் ஓடியது. "ஏத்தா, அதுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா? எலுமிச்சையில இருக்கறது மட்டும் உனக்குப் பிள்ளையா?"

அவர் கேட்டது சரி. பட்டாம்பூச்சி ஆகும் என்பதால் ஒன்றை வைத்துக்கொள்கிறேன், அந்துப்பூச்சி ஆகும் என்பதால் மற்றதை எரிக்க விடுகிறேன் என்றால் அது நியாயம் ஆகாது. நான் கண்ட பதில் ஒன்றுதான்: பிள்ளைக்குக் கெடுதல் செய்தால் விலக்கலாம், ஊறுகாய்க்கு நாலு இலை குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மாமியாரிடம் இதைச் சொன்னேன். நாலு இலை இல்லை, நாற்பது என்றார். கன்றைப் போய் எண்ணினோம். முப்பத்தொன்று.

அக்டோபர் 16

இரண்டு நாளாக மழை. வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நாலு பக்கத்து ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் இறங்குகிறது. மூலைக்கு ஒரு அண்டா வைத்திருக்கிறோம். பிள்ளைகள் முற்றத்தை ஒட்டிய பட்டாலையில் உட்கார்ந்து, எது முதலில் நிறையும் என்று ஆளுக்கொரு அண்டாவின் பக்கம் கட்சி கட்டினார்கள். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும். சின்னவன் பணியாரத்தை மட்டும் தின்றுவிட்டுத் துவையலை அண்டாவிடம் காட்டினான், அதற்கும் காரம் தெரிய வேண்டுமாம்.

மழை விட்டதும் கிணற்றடிச் செம்மண்ணில் பட்டுப்பூச்சி. குங்குமத்தை உருட்டிப் போட்ட மாதிரி அங்கங்கே நகர்கிறது. சங்கப் பாட்டுகளில் இதற்கு மூதாய் என்று பெயர். என் மாமியார் சின்னப் பிள்ளையில் தீப்பெட்டியில் பிடித்துப் புல் போட்டு வளர்த்தாராம், காலையில் செத்துக் கிடக்குமாம். சாகாமல் என்ன செய்யும், அது புல் தின்னாதே. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருந்து, மழை நனைத்ததும் மேலே வருகிற பூச்சி அது. தின்பது மற்றச் சிறு பூச்சிகளையும் அவற்றின் முட்டைகளையும். ஆகையால் எங்கள் வீட்டில் தீப்பெட்டி கிடையாது. உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் இறங்குகிறவரைதான்.

முக்கியமானது: கொசு. வளவு அண்டாக்களை நிறைந்த உடனே வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவோம். அதைவிட மோசமான இடம் ஒன்று எங்களுக்கே இந்த ஆண்டுதான் தெரிந்தது. பின்கட்டில் சும்மா கிடக்கிற பழைய ஆட்டுரல். குழியில் மழைத் தண்ணீர் நின்று, அதில் நெளிந்த கூத்தாடிப் புழுக்களை மீன் குஞ்சு என்று இரண்டு பேரும் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டையிலிருந்து கொசு ஆக ஏழெட்டு நாள் போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, தொட்டித் தட்டு எல்லாவற்றையும் இறைத்துக் கவிழ்ப்பது இப்போது பிள்ளைகள் வேலை. மீன் இல்லை என்று தெரிந்ததில் சின்னவனுக்கு வருத்தம்தான்.

அக்டோபர் 17

பட்டுப்பூச்சியைப் பூச்சி என்று எழுதிவிட்டேன். பெரியவள் கால்களை எண்ணிவிட்டு எட்டு என்கிறாள். அவள் சொன்னதுதான் சரி. அது சிலந்தி, உண்ணி வகையைச் சேர்ந்தது.

அக்டோபர் 18, காலை

விடியற்காலை வளவுத் தூணடியில் ஒரு குருவி. உடம்பைப் பந்து மாதிரி வைத்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறக்கிறது. பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, கண்ணை ஒட்டி அகலமாக ஒரு கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சென்று நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. பெரியவள் என்னை உலுக்கி எழுப்பி, "அம்மா, யாரோ பெயின்ட் அடிச்ச குருவி" என்றாள்.

ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது, இலங்கை வரைக்கும் போகும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய், சுவரில் மோதி, வீட்டுக்குள் விழுவது இந்த மாதங்களில் நடப்பதுதான்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் நாலைந்து ஓட்டை போட்டு, பழைய நூல் சேலைத் துணியை விரித்து, அதை உள்ளே வைத்து இரண்டாங்கட்டு இருட்டறையில் வைத்திருக்கிறோம். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் மருந்து. அமைதி என்றால் என்ன என்று மூன்று வயதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தபடி இதை எழுதுகிறேன். அறை வாசலில் படுத்துக்கொண்டு கதவிடுக்கில் மூக்கை வைத்திருக்கிறான்.

அக்டோபர் 18, இரவு

ஐந்தரைக்குப் பெட்டியைப் புளியமரத்தடியில் திறந்து வைத்து, கிணற்றடிக்குப் பின்னால் போய் நின்றோம். ஐந்து நிமிடம் அசைவே இல்லை. அப்புறம் தத்தி வெளியே வந்து, சருகை இரண்டு தடவை புரட்டி ஏதோ கொத்தித் தின்றது. வேலிக்குள் போய்விட்டது.

என் மாமியார்தான் முதலில் அழுதார்.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்தது. சீப்புச்சீடை மூன்று டப்பா, ஒன்றுதான் மிச்சம்.

இந்த ஆண்டு நாங்கள் வெடி வாங்கவில்லை, மத்தாப்பு மட்டும். பெரியவள் கேட்டது: "வேலிக்குள்ள இருக்கற குருவி பயப்படாதா?" அதற்குப் பதிலாக நேற்று அவளை வேட்டங்குடி சரணாலயத்துக்கு அழைத்துப் போனோம். திருப்பத்தூர்ப் பக்கம், 1977-லிருந்து சரணாலயம். பக்கத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் மாவட்டத்திலேயே இருக்கிற ஊர். இதைச் சொல்லித்தான் என் பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நத்தைகுத்தி நாரையைப் பார்த்தோம். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். நத்தையைப் பிடிப்பதற்கு அமைந்த அலகு. சின்னவன் வீடு வந்து சேர்கிறவரை வாயை முழுசாக மூடாமல் பேசினான்.

அக்டோபர் 27

பாம்பைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. தோட்டத்தில் விடுங்கள் என்று முதல் நாளே சொன்னவள் இதையும் அன்றே எழுதியிருக்க வேண்டும்.

மழையில் வளைக்குள் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டைத் தேடி வரும். பின்கட்டில் விறகடுக்கும் உடைந்த ஓட்டுக் குவியலும் இருந்தால் அங்கே எலியும் தவளையும் இருக்கும், அவற்றைத் தேடியும் வரும். நாங்கள் புரட்டாசியிலேயே ஓட்டுக் குவியலை அப்புறப்படுத்தி, விறகைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் கல் மேல் அடுக்கிவிட்டோம். பிள்ளைகள் செருப்பில்லாமல் படி இறங்கக் கூடாது. குவியல், பொந்து, கல்லிடுக்கு எதிலும் கை விடக் கூடாது. பெரியவர் ஒருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லோரும் உள்ளே. அதற்குப் பிறகு கொல்லைக்குப் போனால் கையில் டார்ச்.

தூங்கும் இடமும் இதில் சேரும். கட்டுவிரியன் இரவில்தான் திரியும், வீட்டுக்குள்ளும் வரும். கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. மழைக்காலத்தில் பிள்ளைகளைத் தரையில் படுக்கவைப்பதை நிறுத்திவிட்டோம். கட்டில், கொசுவலை, வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும்.

கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, நேராக அரசு மருத்துவமனைக்கு. மந்திரிப்பதற்காக நேரத்தைக் கழிக்கக் கூடாது.

மரவட்டை, பூரான் வித்தியாசத்தையும் சொல்லிக்கொடுங்கள். உருண்டையாக இருந்து, தொட்டால் சுருண்டுகொள்வது மரவட்டை, எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் பூச்சி. கடிக்காது. ஆனால் அதிலிருந்து வரும் நீர் கண்ணில் பட்டால் எரியும், தொட்ட பின் கை கழுவ வேண்டும். தட்டையாக, விறுவிறுவென்று ஓடுவது பூரான், கடிக்கும். மெதுவாகப் போகிறதா, வேகமாகப் போகிறதா என்று பார்க்கச் சொன்னால் மூன்று வயதுக்கும் புரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகும் விடத்தான் வேண்டுமா என்றால், ஆமாம். கதவைச் சாத்தி வைத்தால் எது ரயில் பூச்சி, எது பூரான் என்று அவர்களுக்கு எப்போது தெரியும்?

நவம்பர் 2

முதல் நாள் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். அடிக்க வேண்டாம் என்று அவ்வளவு உறுதியாக எழுதியதற்குக் காரணம், போன ஆண்டு நானே அடித்தேன். கடையில் கொடுத்த பூச்சிமருந்து. மறுநாள் காலை பெரியவள், அப்போது ஐந்து வயது, கன்றுக்குக் கீழே விழுந்து கிடந்தவற்றைச் சிரட்டையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இதுகளுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள். தெரியவில்லை என்று பொய் சொல்லிவிட்டு, சிரட்டையைப் பிடுங்கி எறிந்து அவள் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் கை வாய்க்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பயம் போதும் எனக்கு.

போன வாரம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்த வருஷம் அடிக்கலைல்ல?" என்றாள். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

இந்த ஆண்டு விட்டு வைத்த மூன்றில் ஒன்றைக் காணோம், குருவி கொத்தியிருக்கும். மற்ற இரண்டும் கூட்டுப்புழு ஆகிவிட்டன. வாலைக் குச்சியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு இழையால் கட்டிக்கொண்டு, தென்னை மரம் ஏறுகிறவர் கயிற்றில் சாய்ந்து நிற்கிற மாதிரி. இலைக்காம்பில் இருப்பது பச்சை, காய்ந்த குச்சியில் இருப்பது பழுப்பு.

நவம்பர் 6

பழுப்பு நிறக் கூட்டுப்புழுவில் ஊசி குத்தினது போல ஓட்டை. அதிலிருந்து எள்ளைவிடச் சின்னக் குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. பட்டாம்பூச்சி வராது. கூட்டுப்புழு ஆனபோதே குளவி வந்து அதற்குள் முட்டையிட்டிருக்கிறது, குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்திருக்கின்றன.

பெரியவள் அழுதாள். குளவியை அடிக்கலாமா என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார்தான் சொன்னார்: "அதுகளும் பிள்ளைகதானத்தா. எத்தனைன்னு எண்ணு." எண்ணினாள். நாற்பத்து மூன்று வரை எண்ணிவிட்டு, அதற்கு மேல் பறந்துவிட்டது என்றாள்.

போன மாதம் பந்தம் கொளுத்தியவரும் அவர்தான்.

நவம்பர் 8

பச்சை பொரிந்தது. காலை ஏழே கால். இறக்கை கசங்கின துணி மாதிரி தொங்கியது, ஒரு மணி நேரத்தில் விரிந்து இறுகியது. செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டது. ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள், கூட்டுக்குள் சேர்ந்த கழிவு அது. பள்ளிக்கூட வேன் போய்விட்டது, என் கணவர் பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். பரவாயில்லை.

நவம்பர் 19

தட்டான்கள். ஊருணிக் கரையில் மஞ்சள் தட்டான் கூட்டம் கூட்டமாகப் பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிற இனம் அதில் உண்டு. அக்டோபரில் மாலத்தீவில் வந்து இறங்கும். இதைச் சொன்ன பிறகு பெரியவள் வாலில் நூல் கட்டுவதை விட்டுவிட்டாள். "அது வெளிநாடு போகணும்" என்று தம்பியின் கையிலிருந்த நூலையும் வாங்கிவிட்டாள்.

டிசம்பர் 4

நேற்றுத் திருக்கார்த்திகை. கிணற்றுச் சுற்றுச்சுவர், துணி துவைக்கிற கல், தோட்டத்துச் சுவர் எல்லாம் அகல். எலுமிச்சைக் கன்றுப் பக்கம் வைக்க வேண்டாம் என்று சொல்லப் பெரியவள் ஓடினாள். அப்பத்தா அங்கே வைக்கவே இல்லை. "தெரியும்டி, போ" என்றார். கன்றில் புதுக் கொழுந்து நிறைய வந்திருக்கிறது, எண்ணவில்லை.

ஆறு மணிக்கு வேலிக்குள்ளிருந்து இரட்டை விசில் கேட்டது. அன்றைக்கு விழுந்த குருவியா, வேறொன்றா என்று சொல்ல முடியாது. சின்னவனுக்குச் சந்தேகமே இல்லை.

தேவகோட்டைக்காரருக்கு: உங்கள் கன்று மொட்டையாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வேர் நன்றாக இருந்தால் தளிர்த்துவிடும், ஒரு மாதம் பாருங்கள். புழுவை மாற்றி வைக்கப் பெரிய மரம் இல்லை என்றீர்கள் அல்லவா, எங்களிடம் நாரத்தைக் கன்று ஒன்று தொட்டியில் இருக்கிறது, மாமியார் உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். காரைக்குடி வரும்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நுனி இலையில் இரண்டு மஞ்சள் முட்டை இருக்கிறது, பேருந்தில் வருவதானால் நசுங்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.